நாற்பத்து மூன்றாம் படி

1956 ஜனவரி 8, ஞாயிறு

காலை முழுதும் மூடுபனி. மேற்கே மலை இருப்பதற்குப் பத்து மணி வரை சான்று எதுவும் இல்லை. பிறகு அடிவாரம் மட்டும்.

மாலை 5, போடி வாசகசாலைச் செயற்குழு. வந்தவர் ஒன்பது பேர். தலைவர் (ஓய்வுபெற்ற தாசில்தார்) வழக்கம்போல் ஐந்து நிமிடம் முன்னதாக. செயலாளர் சோலைமலை (ஏலக்காய் வியாபாரி, இனி சோ.) வழக்கம்போல் இருபது நிமிடம் பின்னதாக. பொருள்: ஆண்டு விழா. சென்ற ஆண்டைப் போலச் சொற்பொழிவு வேண்டாம் என்பதில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சென்ற ஆண்டுச் சொற்பொழிவு என்னுடையது. குறித்துக்கொண்டேன்.

ஓவிய ஆசிரியர் ஞானமுத்து (இனி ஞா.) ஒரு யோசனை சொன்னார். சென்னையில் ஒரு கல்லூரியில் பார்த்தாராம். இரண்டிரண்டு பேராக அணி. கையில் ஒரு குறிப்பு. அதில் ஒரு புதிர். விடை, ஊரில் ஓர் இடம். அங்கே அடுத்த குறிப்பு. இப்படியே ஊரெல்லாம் தேடி, முதலில் திரும்பி வந்து மணி அடிப்பவர் வெற்றி. பெயர்: தேடல் ஓட்டம்.

சோ.: "ஊருக்குள்ள ஓடுறதா? போலீசு வெரட்டுதுன்னுல்ல நெனைப்பாக!"

ஞா.: "உங்க ஒடம்பைப் பாத்து யாரும் அப்படி நெனைக்க மாட்டாங்க, அண்ணே."

பரிசாகக் கோப்பை என்றபோது உற்சாகம் இல்லை. தலைவர் யோசித்துச் சொன்னது: வெல்லும் அணி முன்மொழியும் ஒரு தீர்மானத்தைச் சங்கம் விவாதமின்றி ஏற்கும். கைதட்டல். "சங்க விதிகளுக்கு முரணாகாத பட்சத்தில்" என்று சேர்க்கச் சொன்னேன். ஏற்கப்பட்டது. சோ.வின் பார்வை உடனே பின்னறைப் பக்கம் போனது. அங்கே இருப்பவை பழைய நாளிதழ்க் கட்டுகளும் கால் ஒடிந்த ஒரு பெஞ்சும். அந்த அறையில் சீட்டாட ஒரு மேசை போட வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்டு வருகிறார். மூன்று வருடமாகத் தோற்று வருகிறார்.

நாள்: 22, ஞாயிறு, காலை 7. புதிர்கள் ஞா. பொறுப்பு. விதிகள் என் பொறுப்பு.

வீடு திரும்பும்போது வழக்கத்தைவிட வேகமாக நடந்தேன். காரணம் ஆராயவில்லை.

9, திங்கள்

பனி குறைவு. வழக்குப் பேச வந்த கட்சிக்காரர் இருவர், இருவரும் வரப்புத் தகராறு. மதியத்துக்கு மேல் விதிகள். மொத்தம் பன்னிரண்டு. முக்கியமானவை:

விதி 2. அணி என்பது சங்க உறுப்பினர் ஒருவரும் அவர் அழைத்து வரும் ஒருவரும்.

விதி 4. நடந்தோ ஓடியோ மட்டும். சைக்கிள், வண்டி, பஸ்சு, பிறர் முதுகு ஆகியவை விலக்கு.

விதி 7. மேற்கு எல்லை: குன்றுக் கோயில் படிக்கட்டு. அதற்கு அப்பால் எவரும் போகலாகாது. (மாநில எல்லைப் பேச்சே இப்போது எல்லார் வாயிலும். நம் ஓட்டத்திலாவது எல்லைத் தகராறு வேண்டாம்.)

விதி 8. விடையைத் தவறாக எடுத்தவர் கால் மணி நேரம் அதே இடத்தில் உட்கார வேண்டும்.

என் மனைவி மீனாட்சி (இனி மீ.) பிரதியை வாங்கிப் படித்தாள். "பிறர் முதுகு எதுக்கு?" என்று கேட்டாள். சோ.வின் மைத்துனர் தங்கராசுவின் தோள்பட்டையைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள் என்றேன். சிரிக்கவில்லை. பிரதியைத் திருப்பித் தரவும் இல்லை. உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

11, புதன்

பெரியகுளம் கோர்ட். வாய்தா. பஸ்சில் நின்றுகொண்டே திரும்பினேன். குளிர் காற்று.

காப்பி கொடுத்துவிட்டு மீ. எதிரே உட்கார்ந்தாள். கையில் விதிகள்.

"ரெண்டாவது விதியைப் படிச்சேன். 'அழைத்து வரும் ஒருவர்'னு போட்டிருக்கீங்க. ஆம்பளைன்னு போடலை."

"போடணும்னு தோணலை."

"அப்ப நான் வர்றேன்."

நான் மறுப்புக்கு மூன்று காரணங்கள் சொன்னேன். (1) கட்சிக்காரர் பேச்சு. (2) கடைத்தெருப் பேச்சு. (3) அவள் அண்ணன் பேச்சு. மூன்றையும் முழுமையாகக் கேட்டாள். பிறகு அவள் சொன்னது ஒரே காரணம். ஏறத்தாழ அவள் சொற்களிலேயே பதிகிறேன்.

"கல்யாணமாகி பதினோரு வருசம். வாசகசாலையில இருந்து வாரத்துக்கு ரெண்டு புஸ்தகம் எடுத்தாறீங்க. நீங்க எடுத்தாறதைத்தான் நான் படிக்கிறேன். போன வாரம் தேனீ வளர்ப்பு. அதுக்கு முந்தின வாரம் ரோமாபுரிச் சட்டம். அந்த அலமாரியில வேற என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒரு தடவையாச்சும் நானே நின்னு பாத்து எடுக்கணும்."

பெண்கள் வாசகசாலைக்குள் வருவதில்லை, உண்மை. ஏன் என்று நான் இதுவரை கேட்டதில்லை; அதுவும் உண்மை.

வென்றால் அவள் கேட்கப் போவது: வாரம் இரண்டு பிற்பகல், பின்னறையும் அலமாரிகளும் பெண்களுக்கு. காலண்டர் தாளின் பின்புறம் பதினான்கு பெயர்கள் எழுதி வைத்திருக்கிறாள். எப்போது எழுதினாள் என்று கேட்டேன். தாளைத் திருப்பிக் காட்டினாள். போன ஆண்டு ஆகஸ்டு.

"ஜெயிச்சாத்தானே?" என்றேன்.

"அதுக்குத்தானே ஓடுறது."

12, வியாழன்

வெயில். அணிப் பெயர் கொடுக்க வாசகசாலைக்குப் போனேன். பதிவேட்டில் என் பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுதினேன். எழுதும்போது கை திடமாகத்தான் இருந்தது, பிறகுதான் வியர்த்தது.

சோ. எட்டிப் பார்த்தார். "தங்கச்சியா? வக்கீலய்யா, இது கும்மியடிக்கிற சோலி இல்லையே."

தலைவர் விதி இரண்டை வாங்கி இரண்டு முறை படித்தார். எழுதியவன் என்ற முறையில் என்னிடம் விளக்கம் கேட்டார். சம்பந்தப்பட்டவன் என்ற முறையில் விளக்கம் தர மறுத்தேன். 'ஒருவர்' என்றால் ஒருவர்தான் என்று தலைவரே தீர்ப்புச் சொன்னார்.

சோ. தொடையில் தட்டிச் சிரித்தார். "சரி விடுங்க. நம்மூரு சந்து பொந்து அத்தனையும் எனக்கு அத்துபடி. ரெண்டாவது எடம் உங்களுக்கு எழுதிக்குங்க. மேசைக்கு ஆசாரிகிட்டச் சொல்லியாச்சு."

எங்கள் தீர்மானம் என்ன என்று கேட்டார். மறைப்பது முறையல்ல, சொன்னேன். வாசித்துக்கொண்டிருந்த நாளிதழ்கள் இரண்டு மூன்று தாழ்ந்தன. மூத்த உறுப்பினர் ஒருவர் இருமினார். அவர் கருத்து இருமலிலேயே தெளிவாக இருந்தது.

ஆக, ஒரே பின்னறை. மேசையா, பெண்களா.

18, புதன்

பொங்கல் விடுமுறை முடிந்தது. ஐந்து நாளாக எழுதவில்லை.

மாலைகளில் நடைப் பயிற்சி. ராசிங்காபுரம் சாலையில் ஒன்றேகால் மைல். முதல் நாள் 26 நிமிடம், இன்று 19. மீ. முன்னால், நான் பின்னால். இதுவரை எங்கே போனாலும் அவள் இரண்டடி பின்னால் வருவதே வழக்கம். அது தலைகீழானதை இன்றுதான் கவனித்தேன். தேவாரத்தில் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்து வளர்ந்தவள். வரப்பில் நடப்பதுபோல் சாலை ஓரத்தில் போகிறாள்.

எதிரே வந்த ஒருவர்: "வக்கீலய்யா, பஸ்சை விட்டுட்டீகளா?" ஆம் என்று சொல்லிவிட்டேன். பொய். பதிவு செய்கிறேன்.

21, சனி

நாளைக்கு வேண்டியவை: கைக்கடிகாரம் (சாவி கொடுத்தாயிற்று). பென்சில் 2. விதிகளின் பிரதி. தண்ணீர்க் கூஜா (மீ. ஆட்சேபம்: சுமை. நீக்கம்). கோட்டு (மீ. ஆட்சேபம்: சிரிப்பார்கள். நீக்கம்). குடை (நானே நீக்கம்).

மீ. கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், ஒன்றுமே நடக்கப் போவதில்லை என்பதுபோல். ஆனால் ஒரே கட்டை மூன்று முறை ஆய்ந்தாள்.

22, ஞாயிறு

எழுதுவது மாலை 6-க்கு. நடந்தவற்றை நடந்த வரிசையில் மட்டும்.

6-50. வாசகசாலை வாசல். பனி. நான்கு அணிகள். வேடிக்கை பார்க்கத் தெருவின் இரு பக்கமும் கூட்டம். மீ. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கூட்டத்தில் ஒரு குரல்: "அந்தம்மா ஓடுவாகளா?" இன்னொரு குரல்: "அய்யா ஓடுவாரான்னு கேளு."

தலைவர் விதிகளைப் படித்தார். கடைசி விதி: அணியினர் இருவரும் வாசற்படி கடந்து உள்ளே வந்த பிறகே மணி அடிக்கலாம். "வெளங்குச்சா?" என்று தலைவர் கேட்க, "வெளங்காமலா!" என்றார் சோ.

7-00. முதல் குறிப்பு: "இவன் வாசலில் எந்நேரமும் பத்து மணி பத்து நிமிடம். நேரம் என்ன என்று இவனையே கேள்." ஆசிரியர்கள் அணி ரயில் நிலையத்தை நோக்கி ஓடியது. நான் இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தேன். மீ. என் முழங்கையைத் தட்டினாள். "வாட்ச் ரிப்பேர் கடை. பலகையில வரைஞ்ச கடியாரம்."

வேறு பொருள் கொள்ள இடம் உண்டா என்று யோசிப்பதற்குள் அவள் தெருமுனையில் இருந்தாள்.

7-09. வாட்ச் கடை. சோ.வும் தங்கராசுவும் வெளியேறிக்கொண்டிருந்தனர். கடைக்காரர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "உங்களது ரெண்டு நிமிசம் பின்னாடி ஓடுது. கழட்டி வச்சுட்டுப் போங்கய்யா, பாத்து வைக்கிறேன்" என்றார். மறுத்தேன். (ஆகவே இன்றைய நேரங்கள் அனைத்திலும் இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.)

இரண்டாம் குறிப்பு: "இன்று காலை மலையிலிருந்து இறங்கிய ஒன்று, இந்த ஊரில் எவரும் விலை பேசாத ஒன்று. எடுத்துப் போய் ஏலக்காய்க் கடைத்தெருவில் தரகர் முத்தையாவிடம் காட்டு."

மலையிலிருந்து இறங்குபவை: ஏலக்காய், மிளகு, காப்பி, தேன், விறகு. அனைத்துக்கும் விலை உண்டு. விலையற்ற ஒன்று போடியில் எங்கே இருக்கிறது? மீ. மேற்கே ஓடினாள், பொதிக்கழுதைகள் சுமை இறக்கும் மந்தைக்கு.

7-24. அங்கே சோ. ஏற்கெனவே ஒரு மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி ஏலக்காயை எடுத்துக்கொண்டிருந்தார். கழுதைக்காரர், எஸ்டேட்டில் வேலை செய்து மலையாளம் கலந்து பேசுபவர், கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி, இது நிங்ஙள் கடைக்குப் போற சரக்கல்லே? வெலை போன வாரமே பேசிக் கழிஞ்ஞல்லோ!"

சோ. நெற்றியில் அடித்துக்கொண்டு ஏலக்காயைக் கொட்டினார். தங்கராசு தரையில் கிடந்த சாணத்தைக் காட்டினார். சோ.: "அட போங்க மாப்ளே, அதையும் எருவுக்கு வெலை பேசித்தான் அள்ளுறானுக!" கடைசியில் ஒரு கழுதையின் காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கித் தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டு ஓடினார்கள். வைத்தியர்கள் அட்டைக்கு விலை கொடுப்பதுண்டு என்ற ஆட்சேபம் எனக்குத் தோன்றியது. எழுப்பவில்லை.

மீ. ஒரு சேணத்தின் ஓரத்தில் ஒட்டி வந்திருந்த ஈரப்பாசியைச் சுரண்டி எடுத்தாள். கழுதைக்காரர்: "இது எந்தினாம்மா? வெறும் பாசியல்லே." மீ. சிரித்த சிரிப்பு பதிவுக்குரியது.

7-41. முத்தையா கடை. பாசியை முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார். "எடம் சொல்றேன்: குன்றுக் கோயில் படிக்கட்டு. எத்தனையாவது படின்னு வாயில சொல்லக் கூடாதுன்னு வாத்தியாரு உத்தரவு." தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலக்கை மீது போட்டார்.

இந்தத் தெருவில் விலை பேசும் முறை அதுதான். துண்டுக்குள் கையைப் பிடித்து விரல்களை அழுத்தி எண் சொல்வார்கள். சுற்றி நிற்பவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சோ. நொடியில் வாங்கிக்கொண்டு போயிருந்தார். விதிகளில் இதைத் தடுக்க இடமில்லை, எழுதியவன் நான்.

முத்தையா பரிதாபமாகப் பார்த்தார். "தெரிஞ்சவங்களை இல்ல கூட்டிட்டு வரணும், அய்யா."

"எனக்குத் தெரியும்" என்றாள் மீ.

அவள் தந்தை மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து விரல்பேச்சைப் பழக்கியிருந்தார் என்பது பதினோரு ஆண்டில் இன்றுதான் தெரியும்.

முத்தையாவுக்கு முகம் வெளிறியது. "ஆத்தா, உங்க கையை நான் எப்படிப் பிடிப்பேன்? ஊரு என்னைய உரிச்சுப்புடும்."

கடைத்தெரு முழுதும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. மீ. கொஞ்சமும் தயங்கவில்லை. "அவர் கையில சொல்லுங்க. அவர் என் கையில சொல்வார்."

அப்படியே நடந்தது. துண்டுக்குள் முத்தையா என் விரல்களை அழுத்தினார். நான் ஒவ்வொன்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டேன். பிறகு அதே துண்டை எங்கள் கைகள் மீது போட்டார். நடுத்தெருவில், காலை ஏழே முக்காலுக்கு, என் மனைவியின் கையைப் பிடித்தேன். அவள் கை பாசி ஈரத்தில் சில்லென்று இருந்தது. என் காதுகள் எரிந்தன.

"வக்கீலய்யா, ஏலக்காய் என்ன வெலைக்குக் கேக்குறீக?"

"பேரம் படியலைபோல! கையை விட மாட்டேங்குறாரே!"

மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மீ.யும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன்.

7-50. மேற்குச் சாலையில் ஓட்டமும் நடையும். மீ. திடீரென்று நின்றாள். "நாலு, மூணு, அஞ்சு. நானூத்து முப்பத்தஞ்சா? அந்தக் கோயிலுக்கு எரநூறு படிகூட இருக்காதே."

பெற்றதை எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல் ஒப்படைத்தேன் என்றேன்.

"கடைசியில முழுக் கையையும் அமுக்கினாரா? அப்ப அவர் சிரிச்சாரா?"

"சிரிச்சார்."

"அது எண்ணே இல்லைங்க! பேச்சு முடிஞ்சதுன்னு கையை அமுக்கி விடுறது. நல்லவேளை, அவர் தும்மலை. தும்மியிருந்தா அதையும் சேத்து எங்கிட்டச் சொல்லியிருப்பீங்க."

நாற்பத்து மூன்று.

8-12. குன்றுக் கோயில். ஞா. கீழே குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். விடியலிலேயே படிக்கு ஒரு கல் வீதம் ஓரத்தில் வைத்துவிட்டாராம். ஒரு கல்லின் கீழ் மட்டும் கடைசிக் குறிப்பு. ஒரே ஒரு கல்லைத்தான் புரட்டலாம்.

மேலே பார்த்தேன். படிக்கட்டில் சோ.வும் தங்கராசுவும் உட்கார்ந்திருந்தார்கள். துண்டால் விசிறிக்கொண்டு. பக்கத்தில் புரட்டிய கல். கீழே ஒன்றுமில்லை.

எனக்கு முதலில் புரியவில்லை. மீ.க்குப் புரிந்தது. "அண்ணே, என்ன ஆச்சு?"

சோ. தலையைப் பிடித்துக்கொண்டார். "என்னத்தைச் சொல்ல ஆத்தா! முத்தையா விரல்ல என்ன சொன்னாலும் ரெண்டைக் கொறைச்சுத்தான் அவன் மனசுல இருக்கும். இருவது வருசமா அப்படித்தான் வாங்குறேன். நாப்பத்து மூணுன்னான். நாப்பத்தொண்ணைப் புரட்டுனேன். படுபாவி, இன்னைக்கு மட்டும் நெசத்தைச் சொல்லிட்டான்!"

ஞா. கீழிருந்து: "இன்னும் ஆறு நிமிசம் உக்காரணும், அண்ணே."

எங்களுக்கு ஆறு நிமிடம் சலுகை. நான் கணக்கெடுக்கத் தொடங்கினேன். முதல் படியிலேயே சிக்கல். அடியில் ஒரு பெரிய பலகைக்கல், தரைக்கு நான்கு விரல் உயரம். அது படியா, தளமா? படி என்று கொண்டால் நாற்பத்து மூன்று ஓரிடம். தளம் என்று கொண்டால் வேறிடம். தவறானால் கால் மணி நேரம், எல்லாம் முடிந்தது. ஞா.விடம் கேட்டேன். நடுவர் எதுவும் சொல்லக் கூடாது என்றார். அந்த விதியும் என்னுடையது. இரண்டு முறை ஏறி இறங்கி எண்ணினேன். இரண்டு முறையும் இரண்டு விடை.

மீ. சோ.வைப் பார்த்து: "அண்ணே, நீங்க அடிக்கல்லையும் சேத்தா எண்ணுனீக?"

"எதிர்க்கட்சிக்காரன் சாட்சி சொல்லமாட்டான், ஆத்தா."

"நாலு நிமிசம் போச்சு, வெரசா!" என்று மீ. என்னைப் பார்த்துக் கத்தினாள். அடுத்த நொடி அவளே குனிந்து அடிக்கல்லைப் பார்த்தாள். "இதுல கல் வைக்கலையே! வாத்தியார் படிக்கு ஒரு கல்லுன்னாரு. இது மேல கல் இல்லை. அவர் கணக்குல இது படியே இல்லை. படியை விடுங்க. கல்லை எண்ணுங்க!"

சாட்சியம் கண்முன்னே கிடந்தது. நான் விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

8-17. நாற்பத்து மூன்றாம் கல். நான் புரட்டினேன். மடித்த தாள். "வந்த வழியே திரும்பு. மணி காத்திருக்கிறது."

ஓடினோம். சட்டக் கல்லூரிக்குப் பின் நான் ஓடியதில்லை. பாதி வழியில் மீ.யின் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றி என் கையில் திணித்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். மனைவியின் செருப்புகளைக் கையில் ஏந்தி, வேட்டியை மடித்துக் கட்டி, ஏலக்காய்க் கடைத்தெரு வழியே ஓடினேன். அதே தெருவில், பொட்டிபுரத்துக் கட்சிக்காரர் ஒருவர் கும்பிட்டார்.

"அய்யா, நாளைக்கு வாய்தாவுக்கு நான் வரணுமா?"

"வரணும்! பத்திரத்தோட!" என்று ஓடிக்கொண்டே கத்தினேன்.

பின்னால் தடதடவென்று சத்தம். திரும்பினேன். சோ. வந்துகொண்டிருந்தார். அந்த உடம்புக்குள் அப்படி ஓர் ஓட்டம் இருக்கும் என எவர் நினைத்திருப்பார்? தெரு முழுதும் கூச்சல். வாசகசாலை கண்ணில் படும்போது எங்களைத் தாண்டினார். படி ஏறினார். மணி அடித்தது. டாண் டாண் என்று தெருவெல்லாம் கேட்டது.

நான் நின்றுவிட்டேன். மீ. என் கையைப் பிடித்து இழுத்தாள்; துண்டு எதுவும் இல்லாமல். உள்ளே போனோம். சோ. மணிக் கயிற்றைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பேசுவதா வேண்டாமா என்று தயங்கினேன். என் வழக்கில் நானே விதியைச் சொல்லக் கூடாது.

மீ.க்கு அந்தத் தயக்கம் இல்லை. இடுப்பில் கை வைத்து, மூச்சு விட்டு விட்டு, மிக மரியாதையாகக் கேட்டாள்: "அண்ணே, உங்க மாப்ளே எங்கே?"

சோ. திரும்பிப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். தெருமுனையில் தங்கராசு விலாவைப் பிடித்துக்கொண்டு விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி. "மச்சான்... உசுரு போகுது மச்சான்... நீங்க போங்க..."

"போயிட்டேண்டா! போயி என்ன பிரயோசனம்! வாடா!"

மீ. கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கினாள். அடித்தாள். ஒருமுறை அல்ல, நான் எண்ணவில்லை. இந்த நாளில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

தலைவர் கடைசி விதியைப் படித்து முதல் மணி செல்லாது என்றார். சோ. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார். "கேளு தங்கச்சி, கேளு. நீ கேக்கப்போறது ஊருக்கே தெரியும்." தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். அட்டையைக் காணவில்லை. அது தங்கராசுவின் இடுப்பில் ஒட்டியிருந்தது பிற்பாடு தெரியவந்தது.

ஆசிரியர்கள் அணி இன்னும் ரயில் நிலையத்தில் என்று கேள்வி. நான்காம் அணி ஒன்பதரைக்கு வந்தது. வழியில் இட்லி சாப்பிட்டிருக்கிறார்கள்.

23, திங்கள்

கால்கள் மடங்கவில்லை. பஸ்சில் ஏற நடத்துநர் கைகொடுத்தார். பெரியகுளத்துக்குச் செய்தி எனக்கு முன்பே போய்விட்டது. சக வக்கீல் ஒருவர் என் கையைக் குலுக்கி, மேலே தன் கைக்குட்டையைப் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

26, வியாழன்

குடியரசு நாள். கொடியேற்றம் முடிந்து செயற்குழு. தீர்மானத்தை மீ.யே எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரு காற்புள்ளி சேர்த்தேன், அடித்துவிட்டாள். வாசகம்: "புதன், சனி பிற்பகல் 3 முதல் 5 வரை வாசகசாலையின் பின்னறையும் அனைத்து அலமாரிகளும் பெண்களுக்கு. அந்நேரம் ஆண்கள் உள்ளே வரலாகாது."

அன்று இருமிய மூத்த உறுப்பினர் இன்று பேசினார்: இது சங்க விதிகளுக்கு முரண். எல்லாரும் என்னைப் பார்த்தனர். நான் சம்பந்தப்பட்டவன், கருத்துச் சொல்ல மாட்டேன் என்றேன். அப்படியானால் எந்த விதிக்கு முரண் என்று பார்ப்போம் என்று தலைவர் சொல்ல, செயலாளர் என்ற முறையில் சோ. எழுந்து விதிகளை முதலிலிருந்து உரக்கப் படித்தார். முப்பத்தொரு விதிகள். குடை வைக்கும் இடத்துக்கு விதி உண்டு. வெற்றிலை துப்புவதற்கு விதி உண்டு. பெண்கள் வரக் கூடாது என்று எங்கும் இல்லை. எழுதி வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதே இல்லை.

கடைசி விதியைப் படித்து முடித்து சோ. நோட்டை மூடினார். "இல்லையேய்யா. நானும் மேசைக்காக நல்லாத்தான் தேடுனேன்."

நிறைவேறியது.

பிப்ரவரி 4, சனி

நல்ல வெயில். மலை முழுதும் தெரிகிறது, உச்சி மரங்கள் வரை. முதல் பிற்பகல்.

நாளிதழ்க் கட்டுகள் நேற்றே அகற்றப்பட்டன. பெஞ்சுக்குக் கால் வைத்தாயிற்று. மீ. எதிர்பார்த்தது பதினான்கு பேர். 3-10 வரை நான் எண்ணியது இருபத்து மூன்று. முதலில் வந்து நின்றவர் சோ.வின் மனைவி.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வாசகசாலைக்குப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். சோ.வுக்கும். இருவரும் எதிர்ப்புறக் கடை நிழலில் நின்றோம். "நாம எங்கய்யா போறது?" என்றார். தெரியவில்லை என்றேன். டீ சொன்னார்.

இங்கிருந்து சன்னல் வழியே முதல் அலமாரி தெரிகிறது. மீ. அதன் முன் நிற்கிறாள். தலையைச் சாய்த்து, நூல்களின் முதுகில் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகப் படிக்கிறாள். மேல்தட்டு முடித்து அடுத்த தட்டு. சோ. ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

3-40. இன்னும் ஒரு நூலையும் எடுக்கவில்லை. இரண்டாம் அலமாரிக்குப் போகிறாள்.